குடல் வைரஸ்களும் சர்க்கரை நோயும்: எந்த பாக்டீரியா என்பதே முதல் கேள்வி

சென்னையில் முழு உடல் பரிசோதனை செய்துகொள்ளும் நடுத்தர வயதினர் பலரின் அறிக்கையில் சில வரிகள் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. வெறும் வயிற்றுச் சர்க்கரை எல்லைக்குச் சற்று மேலே நிற்கிறது, டிரைகிளிசரைடு கூடியிருக்கிறது, வயிற்று ஸ்கேன் அறிக்கையின் கடைசியில் 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' என்று எழுதியிருக்கிறது. இவற்றோடு இடுப்புச் சுற்றளவும் ரத்த அழுத்தமும் சேர்ந்துகொண்டால், அதை மெட்டபாலிக் சின்ட்ரோம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள்; தமிழில் வளர்சிதை மாற்றக் கோளாறு என்று எழுதுகிறோம். சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுடன் (ஐசிஎம்ஆர்) இணைந்து நடத்தி 2023-இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வின் மதிப்பீட்டில், இந்தியாவில் சர்க்கரை நோயுள்ளவர்கள் 10.1 கோடிப் பேர், அதன் வாசலில் நிற்பவர்கள் 13.6 கோடிப் பேர்.

இந்த நோய்களில் குடலில் வாழும் பாக்டீரியாக்களுக்கும் பங்கு உண்டு என்பது கடந்த இருபது ஆண்டுகளாகப் பேசப்பட்டு வருகிறது. இப்போது ஆராய்ச்சி இன்னும் ஓர் அடி உள்ளே சென்று, அந்த பாக்டீரியாக்களை வேட்டையாடும் வைரஸ்களைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறது. அந்த வைரஸ்களையே மருந்தாக்கி சர்க்கரை நோயையும் கொழுப்புக் கல்லீரலையும் குணப்படுத்தலாமா என்ற கேள்வியும் எழுந்திருக்கிறது. சர்க்கரை நோய்க்கு இன்று எந்த நாட்டிலும் அங்கீகரிக்கப்பட்ட வைரஸ் மருந்து கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆனாலும் இதுவரை வந்துள்ள முடிவுகளைப் பொறுமையாகப் படித்தால், இந்த முயற்சி எங்கே வெல்கிறது, எங்கே தோற்கிறது என்பதில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. அந்த ஒழுங்கைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாக்டீரியாக்களை மட்டும் தாக்கும் வைரஸ்களுக்கு பாக்டீரியோபேஜ் என்று பெயர். ஆய்வுக்கூடங்களில் சுருக்கமாக பேஜ் என்பார்கள். 1915-இல் இங்கிலாந்தின் ஃபிரெடெரிக் ட்வார்ட்டும், 1917-இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய ஃபெலிக்ஸ் தெரெலும் தனித்தனியே இவற்றைக் கண்டறிந்தார்கள். மனிதச் செல்களுக்குள் இவற்றால் பெருக முடியாது. ஒரு கிராம் மலத்தில் இத்தகைய வைரஸ் துகள்கள் நூறு கோடி என்ற அளவில் இருக்கின்றன. 2021-இல் உலகின் பல பகுதிகளிலிருந்து திரட்டிய 28,060 குடல் மாதிரிகளின் மரபணுத் தரவுகளை அலசியபோது 1,42,000-க்கும் மேற்பட்ட பேஜ் மரபணுத் தொகுதிகள் வெளிப்பட்டன. அவற்றில் பாதிக்கும் மேலானவை அதற்கு முன் யாரும் அறியாதவை. கிராஸ்பேஜ் என்ற பேஜின் வரலாறு இன்னும் வியப்பானது. பலருடைய குடலில் ஏராளமாக இருந்த அதை 2014 வரை யாரும் கவனிக்கவில்லை. அந்த ஆண்டு கணினி வழியாக மரபணுத் துண்டுகளைக் கோத்துப் பார்த்தபோதுதான் அப்படி ஒன்று இருப்பதே தெரிந்தது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பேஜை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துக் காட்ட மேலும் நான்கு ஆண்டுகள் பிடித்தன.

பேஜ்களின் வாழ்க்கை இரு வகைப்படும். ஒரு வகை, பாக்டீரியாவின் மேற்பரப்பில் தனக்குப் பொருத்தமான ஓர் அமைப்பைப் பற்றிக்கொண்டு, தன் மரபணுவை உள்ளே செலுத்தி, அதற்குள் தன்னையே நூற்றுக்கணக்கில் பெருக்கி, கடைசியில் பாக்டீரியாவை உடைத்துக்கொண்டு வெளியேறும். இன்னொரு வகை தன் மரபணுவை பாக்டீரியாவின் மரபணுவோடு இணைத்துவிட்டு அமைதியாக அங்கேயே தங்கிவிடும். அந்த பாக்டீரியா இரண்டாகப் பிரியும்போதெல்லாம் பேஜும் பிரதியாகும். பாக்டீரியாவுக்கு நெருக்கடி நேரும்போது மட்டும் விழித்துக்கொண்டு முதல் வகையைப் போல உடைத்து வெளியேறும். ஆரோக்கியமான குடலில் இந்த இரண்டாம் வகைக்கே முக்கிய இடம். மருந்தாகப் பயன்படுத்தத் தகுந்தது முதல் வகைதான். ஏனெனில் தங்கும் பேஜ்கள் சில சமயம் நச்சுப் புரதத்துக்கான மரபணுவையும் சுமந்து வந்து, சாதுவான பாக்டீரியாவைக் கெட்டதாக்கிவிடும்.

மனிதச் செல்லைத் தொடாத ஒரு வைரஸ் மனிதரின் சர்க்கரை அளவை எப்படி மாற்றும்? பெரும்பாலும் பாக்டீரியா வழியாகத்தான். கிராம் நெகட்டிவ் என்ற வகையைச் சேர்ந்த பாக்டீரியாக்களின் வெளிச்சுவரில் எண்டோடாக்சின் என்ற பொருள் உண்டு. கொழுப்பு மிகுந்த உணவைத் தொடர்ந்து உண்ணும் எலிகளின் ரத்தத்தில் இது சிறிய அளவில் கசிந்து, நாட்பட்ட மெல்லிய அழற்சியை உண்டாக்கி, இன்சுலினுக்கு உடல் பணியாத நிலைக்குத் தள்ளுகிறது என்று பெல்ஜிய ஆய்வாளர் பாட்ரீஸ் கானியும் அவருடைய குழுவினரும் 2007-இல் காட்டினார்கள். இதற்கு மறுபக்கமும் உண்டு. நார்ச்சத்தைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் போன்ற குறுங்கொழுப்பு அமிலங்களைத் தரும் பாக்டீரியாக்கள் குடல் சுவரைப் பாதுகாக்கின்றன. பசியையும் இன்சுலின் சுரப்பையும் ஒழுங்குசெய்யும் ஜிஎல்பி-1 ஹார்மோனையும் தூண்டுகின்றன. இந்த இரு தரப்பில் யார் பெருகுகிறார்கள், யார் குறைகிறார்கள் என்பதில் பேஜ்களுக்கும் பங்கு இருக்கத்தானே வேண்டும்?

இருக்கிறது என்பதற்கான அறிகுறி ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்தது. அந்நகரின் பல இன மக்களிடம் நடந்துவரும் ஹீலியஸ் ஆய்வில் பங்கேற்ற 196 பேரின் குடல் வைரஸ்களை ஒப்பிட்ட ஆய்வு 2022-இல் வெளியானது. வளர்சிதை மாற்றக் கோளாறு உள்ளவர்களிடம் பேஜ் வகைகள் குறைவாக இருந்தன. பாக்டீராய்டிஸ் குடும்பத்தைத் தாக்கும் பேஜ்கள் கூடியும், நன்மை தருவதாகக் கருதப்படும் பிஃபிடோபாக்டீரியாக்களைத் தாக்கும் பேஜ்கள் குறைந்தும் காணப்பட்டன. ஆனால் இரை குறைந்தால் வேட்டையாடுவதும் குறையும் என்பதால், பேஜ்களின் மாற்றம் நோய்க்குக் காரணமா அல்லது பாக்டீரியாக்களின் மாற்றத்தைப் பின்தொடரும் நிழலா என்பதை இத்தகைய ஒப்பீட்டால் முடிவுசெய்ய முடியாது.

காரணத்தை அறிய வேண்டுமானால் மாற்றிப் பார்க்க வேண்டும். கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் குழு அதைத்தான் செய்தது. ஒல்லியான எலிகளின் குடல் உள்ளடக்கத்திலிருந்து பாக்டீரியாக்களை வடிகட்டி நீக்கிவிட்டு, எஞ்சிய வைரஸ்களை மட்டும் கொழுப்புணவு தின்று பருத்துவந்த எலிகளுக்குக் கொடுத்தார்கள். அந்த எலிகளின் எடை ஏற்றம் குறைந்தது. குளுக்கோஸைக் கையாளும் திறன் ஏறத்தாழ இயல்புக்குத் திரும்பியது. 2020-இல் வெளியான இம்முடிவு பெரும் நம்பிக்கையைத் தந்தது. மனிதரிடம் வடிகட்டிய மலக் கரைசல் வேலை செய்யும் என்பதற்கு முன்மாதிரியும் இருந்தது. ஜெர்மனியின் கீல் நகரில், குளோஸ்ட்ரிடியோய்டிஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியாவால் வரும் தொடர் வயிற்றுப்போக்கால் அவதிப்பட்ட ஐந்து பேருக்கு, உயிருள்ள பாக்டீரியா இல்லாத கரைசல் கொடுக்கப்பட்டு ஐவருமே குணமடைந்தார்கள்.

வளர்சிதை மாற்றக் கோளாறு உள்ள மனிதரிடம் இதே வழியைச் சோதித்தபோது நிலைமை மாறியது. இதற்கு முந்தைய கதை ஒன்று உண்டு. ஆம்ஸ்டர்டாமில் மாக்ஸ் நியூடார்ப் குழு 2012-இல் ஒல்லியானவர்களின் மலத்தை முழுமையாகவே பருத்த ஆண்களின் குடலுக்குள் செலுத்தி, ஆறு வாரத்தில் இன்சுலினுக்கு உடல் பணியும் தன்மை மேம்பட்டதைக் காட்டியது. 2017-இல் 38 பேரிடம் அதைத் தொடர்ந்தபோது, அந்த முன்னேற்றம் பதினெட்டாவது வாரத்தில் மறைந்திருந்தது. யாருக்குப் பலன் கிடைக்கும் என்பது அவரவர் குடலில் ஏற்கெனவே இருந்த பாக்டீரியாக்களைப் பொறுத்ததாகவும் தெரிந்தது. பின்னர் 2023-இல் வெளியான சோதனையில், வளர்சிதை மாற்றக் கோளாறு உள்ள 24 பேருக்கு ஒல்லியானவர்களின் வடிகட்டிய கரைசலோ போலி மருந்தோ கொடுக்கப்பட்டது. கரைசல் பாதுகாப்பானதாக இருந்தது. பேஜ்களுக்கும் பாக்டீரியாக்களுக்கும் இடையிலான உறவில் அசைவுகளும் தெரிந்தன. ஆனால் முதன்மையாக அளக்கப்பட்ட குளுக்கோஸ் கையாளும் திறனில், போலி மருந்து பெற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை.

சோதனை சிறியது, காலம் குறுகியது என்று சொல்லி இதை ஒதுக்கிவிடலாம். எனக்கு அதைவிட ஆழமான காரணம் ஒன்று இருப்பதாகத் தோன்றுகிறது. டிஃபிசில் நோயில் எதிரி ஒன்றே ஒன்று. குடலோ ஆன்டிபயாடிக்குகளால் ஏற்கெனவே வெறுமையாக்கப்பட்டிருக்கிறது. ஒரே கூண்டில், ஒரே தீவனத்தில் வளர்ந்த எலிகளின் குடல்கள் ஒன்றுக்கொன்று பெரிதும் ஒத்தவை. அதனால் ஓர் எலியின் பேஜ்கள் மற்றோர் எலியில் தமக்கான இரையைக் காண்கின்றன. ஆனால் மனிதருக்கு மனிதர் பேஜ்கள் பெரிதும் வேறுபடுகின்றன. ஒருவருடைய குடலிலிருந்து மற்றவருக்குப் போகும் பேஜ்களில் பெரும்பகுதிக்கு அங்கே இரையே இருக்காது. பேஜ் ஒரு பாக்டீரியா இனம் முழுவதையும்கூடத் தாக்காது, பெரும்பாலும் அந்த இனத்தின் சில கிளைகளை மட்டுமே தாக்கும். ஆன்டிபயாடிக் மூட்டையையே கொட்டிவிடுகிறது என்றால், பேஜ் அரிசியில் கல் பொறுக்குகிறது. எது கல் என்று தெரியாமல் பொறுக்க உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதைத்தான் அந்த 24 பேரின் சோதனை காட்டியது என்று கொள்கிறேன்.

கல் எது என்று தெரிந்த இடத்தில் கதை வேறு. கல்லீரல் ஆய்வுகள் இதற்குத் தெளிவான சான்று.

மதுவால் வரும் கடுமையான கல்லீரல் அழற்சியில், சிலர் சில மாதங்களில் இறந்துவிடுகிறார்கள், சிலர் தேறிவிடுகிறார்கள். இந்த வேறுபாட்டைத் தேடிய கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்ன்ட் ஷ்னாபல் குழு, என்டெரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்ற பாக்டீரியாவின் சில கிளைகள் சுரக்கும் சைட்டோலைசின் என்ற நச்சைக் கண்டது. அந்த நச்சைச் சுரக்கும் கிளை மலத்தில் இருந்த நோயாளிகளில் 89 சதவீதம் பேர் 180 நாட்களுக்குள் இறந்திருந்தார்கள், இல்லாதவர்களில் 3.8 சதவீதம் பேர் மட்டுமே. அந்தக் கிளையை மட்டும் தாக்கும் பேஜ்களைக் கழிவுநீரிலிருந்து பிரித்தெடுத்து, நோயாளிகளின் குடல் பாக்டீரியாக்களைக் குடியேற்றிய எலிகளுக்குக் கொடுத்தபோது, மதுவால் நேரும் கல்லீரல் சேதம் தடுக்கப்பட்டது. 2019-இல் வெளியான இந்த ஆய்வின் வலிமை, நோயாளியின் உயிரோடு தொடர்புள்ள ஒரு பாக்டீரியாவை முதலில் அடையாளம் கண்டு, பிறகே பேஜைத் தேடிய வரிசையில் இருக்கிறது.

சென்னையின் நிலைமைக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு அதே ஆண்டு பெய்ஜிங்கிலிருந்து வந்தது. மதுவையே தொடாமல், மாவுச்சத்து மிகுந்த உணவு உண்டாலே ரத்தத்தில் ஆல்கஹால் ஏறிப் போதை காணும் ஒரு நோயாளி அங்கே மருத்துவர்களிடம் வந்தார். அவருக்குக் கல்லீரலில் கொழுப்பும் அழற்சியும் முற்றியிருந்தன. அவருடைய குடலில் கிளெப்சியெல்லா நிமோனியே என்ற பாக்டீரியாவின் ஒரு கிளை, உண்ட சர்க்கரையைப் புளிக்கவைத்து ஆல்கஹாலாக மாற்றிக்கொண்டிருந்தது. பின்னர் மது சாராத கொழுப்புக் கல்லீரல் உள்ள சீன நோயாளிகளிடம் தேடியபோது, அவர்களில் 60 சதவீதம் பேரிடம் நடுத்தர அல்லது அதிக அளவில் ஆல்கஹால் உண்டாக்கும் கிளெப்சியெல்லா கிளைகள் கிடைத்தன. அந்த பாக்டீரியா உள்ள மலத்தை எலிகளுக்குச் செலுத்தினால் கொழுப்புக் கல்லீரல் வந்தது. செலுத்துவதற்கு முன் பேஜைக் கொண்டு அந்தக் கிளையை மட்டும் மலத்திலிருந்து நீக்கிவிட்டால் வரவில்லை. மற்ற எல்லாம் அப்படியே இருக்க, ஒன்றை மட்டும் எடுத்துப் பார்க்கும் இந்தச் சோதனையை ஆன்டிபயாடிக்கால் செய்யவே முடியாது. நோயைக் குணப்படுத்தும் முன்பே, நோயின் காரணத்தை நிரூபிக்கும் கருவியாக பேஜ் பயன்பட்டிருக்கிறது. இந்தத் துறையில் இதுவரை நடந்தவற்றில் இதையே நான் மிகவும் மதிக்கிறேன். இதே பாக்டீரியாவால் நோயுற்ற எலிகளுக்கு பேஜை மருந்தாகவே கொடுத்து, கல்லீரல் நிலை மேம்பட்டதாக 2023-இல் இன்னொரு ஆய்வும் வந்தது.

மூன்று வேளையும் அரிசியும் மாவும் முதன்மையாக உண்ணும் ஊரில், மது அருந்தாத எத்தனையோ பேருக்குக் கொழுப்புக் கல்லீரல் இருப்பதைப் பார்க்கும்போது, இங்கும் அப்படிப்பட்ட கிளை இருக்குமா என்று கேட்கத் தோன்றுவது இயல்பு. ஆனால் பெய்ஜிங்கின் 60 சதவீதத்தை சென்னையின் எண்ணாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஃபேட்டி லிவர் வந்தவர்களுக்கெல்லாம் குடலில் சாராயம் காய்ச்சப்படுகிறது என்று வாட்ஸ்அப் செய்தியாக இது சுற்றத் தொடங்கினால் கேடுதான்.

இத்தகைய பேஜ்களைக் கண்டுபிடிப்பது, பலர் நினைப்பதைவிட எளிமையான வேலை. கோயம்பேட்டிலோ கொடுங்கையூரிலோ உள்ள கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்து சேரும் சுத்திகரிக்காத நீரில் ஒரு பாட்டில் போதும். நகரத்தின் குடல்களெல்லாம் அதில் பேசுகின்றன. நீரைச் சுழற்றி கசடை அடியில் படியவைத்து, தெளிந்ததை 0.22 மைக்ரான் துளையுள்ள வடிகட்டி வழியாகச் செலுத்தினால் பாக்டீரியாக்கள் மேலே தங்கிவிடும், பேஜ்கள் கீழே இறங்கிவிடும். அந்த நீரில் சில துளிகளை, நாம் தாக்க விரும்பும் பாக்டீரியாவோடு கலந்து, இளஞ்சூட்டில் உருகிய, அகார் என்ற மென்மையான கூழில் சேர்த்து பெட்ரி தட்டில் ஊற்றி, 37 டிகிரியில் ஓர் இரவு வைக்க வேண்டும். மறுநாள் காலையில் தட்டு முழுதும் பாக்டீரியாக்கள் மங்கலான படலமாக வளர்ந்திருக்கும். நடுவே ஊசி முனை அளவிலோ கடுகளவிலோ தெளிந்த வட்டங்கள் தெரிந்தால், அங்கே பேஜ் இருக்கிறது என்று பொருள். ஒவ்வொரு வட்டமும் ஒரே ஒரு பேஜில் தொடங்கியது. அதிலிருந்து தொட்டு எடுத்து மறுபடி மறுபடி இதையே செய்து தூய்மைப்படுத்துவார்கள். கடினமான பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது. மரபணுவை முழுதும் படித்து, நச்சுக்கான மரபணுவோ, ஆன்டிபயாடிக் எதிர்ப்புக்கான மரபணுவோ, பாக்டீரியாவோடு தங்கிவிடும் திறனோ இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். பெருக்கிய கரைசலிலிருந்து எண்டோடாக்சினை நீக்க வேண்டும். நீக்காமல் கொடுத்தால், எந்தப் பொருளைக் குறைக்க முற்பட்டோமோ அதையே உடலுக்குள் ஏற்றியதாகிவிடும்.

குடலுக்குள் போன பிறகும் தடைகள் உண்டு. வயிற்று அமிலம் பல பேஜ்களை அழித்துவிடும். அமிலத்தைத் தணித்தோ உறை பூசிய மாத்திரையாகவோதான் கொடுக்க வேண்டியிருக்கிறது. பாக்டீரியா தன் மேற்பரப்பைச் சற்று மாற்றிக்கொண்டால் பேஜ் பற்ற இடமில்லாமல் போகும் என்பதால், வெவ்வேறு இடங்களைப் பற்றும் நான்கைந்து பேஜ்களைக் கலந்து கொடுக்கிறார்கள். 2016-இல் வெளியான டாக்கா சோதனையை இங்கே நினைவூட்ட வேண்டும். வயிற்றுப்போக்கு வந்த 120 குழந்தைகளிடம் நடந்த அந்தச் சோதனையில் ஈ.கோலை என்ற பாக்டீரியாவைத் தாக்கும் பேஜ்கள் வாய்வழியாகத் தரப்பட்டன. பேஜ்கள் குடலைக் கடந்து மலத்தில் வந்தன, தீங்கும் நேரவில்லை, பலனும் இல்லை. குழந்தைகளின் குடலில் ஈ.கோலை மிகக் குறைவாக இருந்ததால், பெருகுவதற்குப் போதிய இரை பேஜ்களுக்குக் கிடைக்கவில்லை. இங்கும் குற்றவாளியைச் சரியாக அடையாளம் காணாததே சிக்கல்.

இந்தியாவுக்கு பேஜ் புதிதல்ல. கங்கை, யமுனை நீருக்குக் காலரா கிருமியைக் கொல்லும் தன்மை இருப்பதை ஆங்கிலேய பாக்டீரியா ஆய்வாளர் எர்னஸ்ட் ஹாங்கின் 1896-இலேயே எழுதினார். தெரெல் 1927-இல் இங்கே வந்து காலரா நோயாளிகளிடம் பேஜைச் சோதித்தார். ஆன்டிபயாடிக்குகள் வந்த பின் ஜார்ஜியாவின் திபிலிசியைப் போன்ற சில இடங்களில் மட்டுமே இந்த மருத்துவம் தொடர்ந்தது. அன்று தாக்க வேண்டியது காலரா கிருமி என்று தெளிவாகத் தெரிந்திருந்தது. சர்க்கரை நோயில் அந்தத் தெளிவு நமக்கு இன்னும் இல்லை. ஷாங்காயில் லிப்பிங் ஜாவ் குழு 2013-இல் விவரித்த, 174.8 கிலோ எடையிருந்த ஒருவருடைய குடலில் என்டெரோபாக்டர் பாக்டீரியாக்கள் 35 சதவீதம் இருந்ததும், உணவு மாற்றத்தால் அவை மறைந்து அவர் 23 வாரங்களில் 51 கிலோ இழந்ததும் உண்மைதான். ஆனால் அது ஒரு மனிதரின் கதை. பெரும்பாலான சர்க்கரை நோயாளிகளிடம் ஒற்றைக் குற்றவாளி இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆகவே பேஜ் சிகிச்சை முதலில் பலன் தரக்கூடிய இடம் சர்க்கரை நோய் அல்ல, கொழுப்புக் கல்லீரல் நோயாளிகளில் குறிப்பிட்ட பாக்டீரியா உள்ள ஒரு பிரிவினர் என்றே கருதுகிறேன்.

அந்தப் பிரிவினரை சென்னையில் கண்டறிய வேண்டுமானால் வெளிநாட்டுத் தரவு உதவாது. 2019-இல் போபாலிலும் கேரளத்திலும் 110 பேரிடம் நடந்த ஆய்வில், போபால்காரர்களின் குடலில் பிரிவோடெல்லா என்ற பாக்டீரியா ஓங்கியிருக்க, கேரளத்தினரிடம் அமைப்பே வேறாக இருந்தது. நாட்டுக்குள்ளேயே இவ்வளவு மாற்றம் என்றால், அவற்றைத் தாக்கும் பேஜ்களும் மாறத்தான் செய்யும். இன்னொரு இடரும் உண்டு. சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரையே குடல் பாக்டீரியாக்களை மாற்றுகிறது. முன்பு சர்க்கரை நோயின் அடையாளம் என்று எண்ணப்பட்ட சில மாற்றங்கள் உண்மையில் மெட்ஃபார்மினின் விளைவு என்று 2015-இல் தெரியவந்தது. ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்களிடம் மாதிரி சேகரித்தால், நோயைப் படிக்கிறோமா மருந்தைப் படிக்கிறோமா என்று பிரிக்க முடியாது.

இந்த இடரைத் தாண்ட தமிழ்நாட்டுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பணியாளர்கள் வீடு தேடிச் சென்று சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்கிறார்கள். புதிதாகச் சர்க்கரை கண்டறியப்பட்டவர்களில் சம்மதிப்பவர்களிடம், முதல் மெட்ஃபார்மின் மாத்திரைக்கு முன்பாகவே ஒரு மல மாதிரியைப் பெற்று உறையவைத்து, கல்லீரல் ஸ்கேனும் குளுக்கோஸ் அருந்திய பின் ரத்தத்தில் ஆல்கஹால் அளவும் பார்த்தால், ஆல்கஹால் உண்டாக்கும் கிளெப்சியெல்லா இங்கே எத்தனை பேரிடம் இருக்கிறது என்பதற்கு விடை கிடைத்துவிடும். கணிசமானோரிடம் இருந்தால், அதைத் தாக்கும் பேஜை கோயம்பேட்டு நீரில் தேடத் தொடங்கலாம். இல்லையென்றால் கல்லீரல் கொழுப்புக்கு வேறு காரணத்தைத் தேட வேண்டும். அதுவரை 'குடலைச் சீராக்கும் பேஜ்' என்று எந்தப் பாட்டிலாவது விற்பனைக்கு வந்தால், எந்த பாக்டீரியாவின் எந்தக் கிளையைத் தாக்குவது, அந்தக் கிளை என் குடலில் இருக்கிறதா என்ற இரண்டையும் விற்பவரிடம் கேட்க வேண்டும். அவர் என்ன பதில் சொன்னாலும், மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நிறுத்தக் கூடாது.